அவன் பெயரில் ஒரு வரி

செத்துப்போன கணினிகளை உயிரோடு இருப்பதுபோல நடிக்க வைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். தயாரித்த கம்பெனியே மறந்துவிட்ட பழைய இயந்திரம் ஒன்று இன்றைய லேப்டாப்பின் வயிற்றுக்குள் கண் விழித்து, தான் இன்னும் யாருடைய மேசைமேலோ உட்கார்ந்திருப்பதாக நம்பி வேலை செய்யும். இதைச் செய்கிறவர்கள் தங்களைப் பொறியாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வேறு துறையில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு மந்திரவாதி என்று பெயர். அவர்கள் சம்பளம் வாங்குவார்கள். இது திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். முதல் இரண்டுக்கும் ஆள் கிடைப்பதில்லை.

இந்த எமுலேட்டரைத் தொடங்கிவைத்தவர் தம்மைத் தலைமைச் சிற்பி என்று அழைத்துக்கொண்டார். உளியைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது; இப்போது கையில் இருப்பது மைக். ‘எளிமையே வேகம்’ என்று மாநாடு மாநாடாகப் போய், கேட்பவர் களைக்கும்வரை பேசுவார். அவர் எதைச் சொன்னாலும் அடியில் முதல் ஆளாக ‘அருமை, அப்படியே ஆகட்டும்’ என்று எழுதுகிறவருக்குத் திட்டத்தில் ஆமாஞ்சாமி என்று பெயர். அது அவருக்கு மட்டும் தெரியாது.

அன்றைய இணையக் கூட்டத்தில் சிற்பி தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே, நம் எமுலேட்டர் எழுந்திருக்க நேரம் எடுக்கிறது. நோயின் வேர், இயந்திரத்தின் உறுப்பு விவரங்களை வைத்திருக்கும் பண்புப் பகுதி. வேரை நோகாமல் பிடுங்க முடியாது. அடுத்த வெளியீட்டில் அந்தப் பகுதி முழுவதையும் தூக்கிவிட்டு, வெளியிலிருந்து வேறொன்றைக் கொண்டுவருகிறோம்.”

“அருமை,” என்றார் ஆமாஞ்சாமி.

கூட்டத்தின் மூலையில் தபால்தலை அளவுக் கட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பகுதியை எழுதியவனின் தங்கை. அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே போனதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவன் பின்னாலேயே இந்தத் திட்டத்துக்குள்ளும் வந்தாள். அவன் போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே மட்டும் பின்னால் போக முடியவில்லை.

“நான் வேகமாக்கித் தரேன். தூக்க வேண்டாம்,” என்றாள்.

சிற்பி கருணையோடு சிரித்தார். அடுத்த கூட்டம்வரை அவகாசம் கொடுத்தார்.

திட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பகுதியில் யாருடைய வரி ஒன்றாவது மிச்சம் இருக்கிறதோ, அவர் பெயர் பராமரிப்போர் கோப்பில் இருக்கும். வரி தீர்ந்தால் பெயரும் தீரும். இதற்கு மனிதர்கள் யாரும் மனம் கல்லாக வேண்டிய தேவையில்லை. ஒரு சின்ன நிரல் தானாகவே பார்த்து எடுத்துவிடும்.

வாலு லேப்டாப்பை மூடிவிட்டு முன்னறைக்கு வந்தாள். அண்ணி பல் செட் செய்கிறவள். மேசை முழுக்க பிளாஸ்டர் தாடைகள், ஊரில் யார் யாருடையவோ, வாய் மட்டும் வந்து உட்கார்ந்த கூட்டம்போல இளித்துக்கொண்டிருந்தன.

“என்ன, மூஞ்சி பிளாஸ்டர் மாதிரி வெளுத்திருக்கு?” என்றாள் அண்ணி.

“அண்ணன் எழுதினத தூக்கப் போறாங்களாம்.”

“ஏன், அது யாரை என்ன பண்ணுச்சு?”

“மெதுவா இருக்காம்.”

அண்ணி மெழுகுக் கத்தியைத் துடைத்தாள். “உங்க அண்ணன் எழுதினது வேற எப்படி இருக்கும்? மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் ‘ம்’பாரு. நாலாவது தடவ கூப்பிட்டா, ‘மூணு தடவதானே கூப்பிட்ட’ன்னு சண்டைக்கு வருவாரு.”

“விளையாடாதீங்க அண்ணி. அண்ணன் எழுதின கோடு போனா பேரும் போயிரும்.”

“எந்தப் பேரு?”

“பராமரிப்போர் கோப்புல இருக்கிற அண்ணன் பேரு.”

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். “வாசல் பலகைய வீட்டுக்காரர் கழட்டிட்டாரு. கரண்ட் பில்லுல நானே போய் மாத்திட்டு வந்தேன். ஆபீஸ்ல அவர் நாற்காலியில உக்காந்திருக்கிறவன் அவரப் பாத்ததே இல்ல. மிச்சம் இது ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்.”

“அப்ப விடாத.”

வேலை இதுதான். பழைய இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும், கடிகாரமோ விசைப்பலகையோ வட்டோ, எமுலேட்டருக்குள் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் பண்புகள்; பெயர் ஒன்று, மதிப்பு ஒன்று. அண்ணன் அவற்றைச் சங்கிலியாகக் கோத்திருந்தான். ஒரு பண்பு வேண்டுமென்றால் முதல் கண்ணியிடம் போய் ‘நீயா?’ என்று கேட்க வேண்டும். ‘நானில்லை’ என்றால் அடுத்தது. கூட்டம் கலைந்த வாசலில் தன் செருப்பைத் தேடுகிறவன் ஒவ்வொன்றாகக் காலை விட்டுப் பார்ப்பதுபோல. பத்துப் பண்பு இருந்தபோது இது போதுமானதாக இருந்தது. பிறகு வந்தவர்கள் ஆளுக்கு நாலு சேர்த்துவிட்டுப் போனார்கள். சேர்த்தவர்களுக்குக் கைதட்டலும், கோத்தவனுக்குக் கெட்ட பெயரும் கிடைத்தன.

வாலு சங்கிலியை அவிழ்த்தாள். அதற்குப் பதில் அறைகள் கட்டினாள். பண்பின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் ஓர் அறை எண் வரும். நேரே போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டியதுதான். வழியில் யாரையும் விசாரிக்க வேண்டாம். ஒரு பெயருக்கு ஓர் அறை, ஓர் அறைக்கு ஓர் ஆள். சேர்க்கும் இடம், தேடும் இடம், நீக்கும் இடம் என்று சங்கிலி தொட்ட இடமெல்லாம் வரி வரியாக மாற்றினாள். முன்பு எமுலேட்டரை எழுப்பிவிட்டுப் போய் ஒரு தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம். இப்போது விசையிலிருந்து விரலை எடுக்கும் முன் எழுந்து நின்றது. திட்டத்துக்காரர்கள் சோதித்துப் பார்க்க அதை அனுப்பிவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டாள்.

“பாருங்க. இனிமே மெதுவுன்னு சொல்ல முடியாது.”

அண்ணி பிளாஸ்டர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தாள். பழைய பச்சை எழுத்தில் திரை மினுக்கியது. மூலையில் கடிகாரம்.

“வாலு, இதுல என்ன தேதி போட்டிருக்கு?”

வாலு பார்த்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. திரையில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை, பிற்பகல். அந்தக் கடிகாரத்துக்கு அன்று மழை பெய்தது தெரியாது. படிக்கட்டு ஈரமாக இருந்ததும் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் தெரியும்.

“ஏதோ கோளாறு. நான் பாக்கறேன்,” என்றாள் வாலு.

“அவரு அப்ப மேசையில உக்காந்திருக்காரு,” என்றாள் அண்ணி, திரையைப் பார்த்தபடி. “இன்னும் எழுந்திரிக்கல.”

மறுநாள் காலை முதல் புகார்கள் வந்தன. என் இயந்திரம் மூன்று வருடம் பின்னால் விழிக்கிறது என்றார் ஒருவர். எனக்கும் அதே நாள் என்றார் கடலுக்கு அப்பாலிருந்து இன்னொருவர். எத்தனை தடவை அணைத்து எழுப்பினாலும் அதே பிற்பகலின் அதே நிமிடம் என்றார்கள் எல்லோரும். சிற்பி ஒரே வாக்கியம் எழுதினார்: ‘இது பேய் பிடித்த கோடு.’ அடியில் ஆமாஞ்சாமி: ‘பிடித்தேதான் இருக்கிறது.’

வாலு பேயைத் தேடிப் போனாள். அது பழைய சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்றுகொண்டிருந்தது. இல்லாத ஒன்றைத் தேடி வருகிறவர்கள் மட்டுமே அவ்வளவு தூரம் வருவார்கள். மற்றவர்கள் வேண்டியது கிடைத்ததும் பாதியில் திரும்பிவிடுவார்கள்.

கடிகாரத்துக்குத் ‘தொடக்க நேரம்’ என்று ஒரு பண்பு உண்டு. இன்றைய நேரத்தைக் கேட்டுச் சொல்வது அதன் வேலை. அதே பெயரில் இரண்டாவது ஒன்றை அண்ணன் அந்த வியாழக்கிழமை சேர்த்திருந்தான். ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தான். இயந்திரத்தை எப்போதும் ஒரே நிமிடத்தில் எழுப்பினால்தான் பிழை ஒரே இடத்தில் தலை காட்டும். அதற்காக, அப்போது என்ன நேரமோ அதையே எழுதி நிறுத்தியிருந்தான். மேசையை விட்டு எழுந்தால் அரைகுறையாக இருப்பதை அப்படியே திட்டத்துக்குள் அனுப்பிவிட்டுப் போவது அவன் கெட்ட பழக்கம். வந்து சரிசெய்துகொள்ளலாம் என்பான். அன்றும் அனுப்பிவிட்டுக் கடைக்கு இறங்கினான்.

சங்கிலியில் முன்னால் நின்றவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்ததால், பின்னால் நின்றவனை யாரும் கேட்கவில்லை. வாலு கட்டியதோ அறை. ஓர் அறைக்குள் இருவர் நிற்க முடியாது. பின்னால் வந்தவன் முன்னவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஒரே பெயரில் இருவர் சேரக்கூடாது என்று தடுக்கும் காவல் ஒன்றையும் அண்ணன் எழுதியிருந்தான். அதை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு குறிப்பு: ‘மேடைக் காட்சிக்காக. வேகமாகத் தெரிய வேண்டும். பிறகு சேர்த்துவிடலாம்.’ கையெழுத்து தலைமைச் சிற்பியுடையது. எந்த மாநாடு என்று தெரியவில்லை. எல்லா மாநாட்டிலும் ‘எளிமையே வேகம்’தான்.

அடுத்த பிற்பகல் அவள் அண்ணன் மேசைக்கு வந்தபோது அண்ணி அங்கே உட்கார்ந்திருந்தாள். பல் செட்டையும் மெழுகையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டிருந்தாள். ஒரு கண் கீழ்த்தாடையிலும் ஒரு கண் திரையிலும் இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த நேரத்துக்குச் சற்று முன்பாக, அண்ணி சுண்டுவிரலால் விசையைத் தட்டினாள். திரை இருண்டு, உடனே விழித்தது. மறுபடி பிற்பகலின் தொடக்கம்.

“என்ன அண்ணி பண்றீங்க?”

“வேல பாக்கறேன்.”

“எத்தன தடவ தட்டினீங்க?”

“எண்ணல.” கத்தியால் ஒரு பல்லின் ஓரத்தைச் சீவினாள். “இப்ப உள்ள இருக்காரு. செருப்பு மாட்டல. இன்னும் கொஞ்ச நேரத்துல ‘கடைக்குப் போறேன், ஏதாவது வேணுமா’ன்னு கேப்பாரு. ஒண்ணும் வேணாம்னு சொல்லணும். சொல்லறதுக்குள்ள நேரம் வந்துருது.”

வாலு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“பழைய மாதிரி எழுந்திருக்க நாழியானா சலிச்சுப்போய் விட்டிருப்பேன்,” என்றாள் அண்ணி. “நீதான் வேகமாக்கிட்ட.”

“அது வெறும் கடிகாரம் அண்ணி.”

“எனக்கும் தெரியும். இது வெறும் பிளாஸ்டர். இத வாயில மாட்டிக்கிட்டு ஒரு ஆள் நாளைக்குச் சிரிக்கப் போறான்.” மறுபடி தட்டினாள்.

பிளாஸ்டர் தூசி விசைப்பலகை முழுவதும் படிந்திருந்தது. ஒரு விசை மட்டும் சுத்தமாக இருந்தது.

கூட்டத்துக்கு முன்தினம் வாலு அந்த வரியை நீக்க உட்கார்ந்தாள். ஒரே வரி. நீக்கினால் கடிகாரம் சரியாகிவிடும், பகுதி தப்பிக்கும், பெயர் நிற்கும். நீக்குமுன் சும்மா ஒருதரம் வரி எண்ணும் நிரலை ஓட்டிப் பார்த்தாள். பண்புப் பகுதியில் வாலுவின் வரிகள் ஏராளம். சிற்பியின் வரிகள் கணிசம். அண்ணன் பெயருக்கு நேரே: ஒன்று.

அவள் மறுபடி ஓட்டினாள். ஒன்றுதான்.

ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவருக்கே அது சொந்தம் என்பது அந்த நிரலின் நியாயம். அண்ணன் கோட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் ஒவ்வொரு வரியாகத் தொட்டிருந்தாள். தொட்டதெல்லாம் அவளுடையதாகிவிட்டது. அவள் கை படாமல் அவனுடையதாகவே மிஞ்சியிருந்தது, அந்த வியாழக்கிழமை மட்டும்.

முன்னறையிலிருந்து அண்ணி, “என்னாச்சு?” என்றாள்.

“அந்த வியாழக்கிழமை வரிய வச்சா மொத்தத்தையும் தூக்குவாங்க. எடுத்தா அண்ணன் பேரு போயிரும்.”

“எந்தப் பக்கம் போனாலும் போயிரும்ங்கற.”

“ஆமா.”

“நல்லா காப்பாத்தின போ,” என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வாலு அந்தப் பட்டியலை மறுபடி படித்தாள். சிற்பிதான் பல வருடமாக எதுவும் எழுதவில்லையே, இவருக்கு எப்படி இத்தனை வரி? திறந்து பார்த்தாள். கோப்பின் தலையில் அவர் எழுதிய முன்னுரை: மென்பொருளின் தத்துவம், எளிமையின் அழகு, தம் இளமைக்காலச் சிந்தனைகள். எல்லாம் குறிப்புரை. இயந்திரம் அதைப் படிப்பதே இல்லை, மனிதர்களும் இல்லை. ஆனால் வரி எண்ணும் நிரலை எழுதியவர் அவர்தான், குறிப்புரையும் வரிதான் என்று அதற்குச் சொல்லிவைத்தவரும் அவர்தான். இல்லாவிட்டால் தலைமைச் சிற்பியின் பெயரே கோப்பில் இருக்காது.

குறிப்புரைக்கு ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி. இரண்டுக்கும் நடுவில் எது இருந்தாலும் இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடும். வாலு அண்ணனின் வரியைத் தொடவில்லை. அதற்கு மேலே புது வரியில் தொடக்கக் குறியைப் போட்டாள். கீழே புது வரியில் முடிவுக் குறியைப் போட்டாள். நிரலை ஓட்டினாள். அண்ணன்: ஒன்று. எமுலேட்டரை எழுப்பினாள். கடிகாரம் இன்றைய தேதியைக் காட்டியது.

கூட்டத்தில் சிற்பி புது வேகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். “நான் விதைத்த சிந்தனை,” என்றார்.

“அருமை,” என்றார் ஆமாஞ்சாமி. இன்று எதையாவது கண்டுபிடித்துக் காட்டும் ஆசையும் வந்துவிட்டது அவருக்கு. “இங்கே வேலையே செய்யாத வரி ஒன்று இருக்கிறதே. குறிப்புக்குள் கிடக்கிறது. நீக்கிவிடலாமே?”

வாலு கோப்பை மேலே உருட்டினாள். “நீக்கலாம். வேலை செய்யாத வரிகளை நீக்கறதுன்னா மேலிருந்து ஆரம்பிச்சிரலாம்,” என்றாள்.

எல்லோருடைய கண்ணும் கோப்பின் தலைக்குப் போனது. சிற்பியின் முன்னுரை நீளமாகப் படுத்திருந்தது. அவர் மைக்கை நெருங்கினார்.

“நண்பர்களே, குறிப்புரை என்பது மென்பொருளின் ஆன்மா. ஆன்மாவின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் ஆமாஞ்சாமி.

வாலுவின் மைக் திறந்திருந்ததால், பின்னாலிருந்து அண்ணியின் குரல் எல்லா நாடுகளுக்கும் கேட்டது: “இவருதான் சிற்பியா? மேல் வரிசை முழுக்கக் கட்டினது. அளவு சரியில்ல, பேசும்போது இறங்குது பாரு.”

சிற்பி வாயை மூடினார். திட்டத்தின் வரலாற்றில் ஒரு கூட்டம் நேரத்துக்கு முன்பே முடிந்தது அன்றுதான். எடுத்துவிட்ட காவலைத் திரும்பச் சேர்க்கும்படி வாலு தனியாக அனுப்பிய திருத்தம் மட்டும் ‘பரிசீலனையில்’ என்று நிற்கிறது. அதை ஏற்றால், எடுத்தது யார் என்று யாராவது கேட்பார்கள்.

சாயங்காலம் அண்ணி மேசைக்கு வந்தாள். “எங்க இருக்காரு, காட்டு.”

வாலு காட்டினாள். அண்ணி விரலை வரியருகே கொண்டுபோனாள், திரையைத் தொடவில்லை.

“மேலயும் கீழயும் இருக்கிறது?”

“நான் போட்டது. அதுக்குள்ள மெஷின் வராது.”

“அவரு வெளிய வரமாட்டாரு.”

“ம்.”

“இந்த ரெண்டையும் எடுத்துட்டா?”

“எல்லாருக்கும் திரும்ப அந்த வியாழக்கிழமைதான்.”

“யாரு எடுக்கலாம்?”

“யார் வேணும்னாலும். திறந்த மூலம் அண்ணி.”

அண்ணி போய்ப் பல் செட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெழுகை விளக்குச் சுடரில் காட்டிச் சூடாக்கினாள்.

“உலகத்துல வேலையத்தவன் ஒருத்தன் இல்லாமலா போயிடுவான்,” என்றாள். பிறகு நாற்காலியை, திரை தெரியும்படி, கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.